பின் சக்கரத்துக்கு நூறு போதும்

2003-இல் ஹீரோ ஹோண்டா கரிஸ்மா வந்தபோது எங்கள் பக்கத்துப் பையன்கள் அதில் சொன்ன குறை ஒன்றே ஒன்றுதான். 223 சி.சி. இன்ஜின், 17 குதிரைத்திறன், முன்சக்கரத்தில் 276 மில்லிமீட்டர் டிஸ்க், விளம்பரத்தில் ஹிருத்திக் ரோஷன் எல்லாம் சரி. ஆனால் டயர்? முன்னால் 2.75-18, பின்னால் 100/90-18. முன் டயரின் அளவு ஸ்பிளெண்டருக்கும் அதேதான். “இம்மாம் பெரிய வண்டிக்கு ஸ்பிளெண்டர் டயரா?” என்று வடக்கனந்தல் டீக்கடை பெஞ்சு அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டது.

அந்தத் தீர்ப்பைச் சொந்தச் செலவில் நிறைவேற்றியவர்கள் நிறையப் பேர். நான் வாங்கிய வண்டியின் முந்தைய சொந்தக்காரரும் அவர்களில் ஒருவர். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். வண்டி 2006 மாடல், மஞ்சள் நிறம், என் கைக்கு வந்தது 2015-இல். இன்ஜின் சத்தம் சுத்தமாக இருந்தது. முன்னால் பழைய 2.75 அப்படியே இருக்க, பின்னால் மட்டும் புல்லட் டயர்! ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-க்கு அப்போது போட்ட 110/90-18. பின்னாலிருந்து பார்த்தால் வண்டி நல்ல திடகாத்திரமாகத்தான் தெரிந்தது. என் சித்தப்பா பையனுக்கு அந்தப் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் வண்டியே பிடித்துப்போனது.

எனக்கு வண்டி வேண்டியிருந்தது மலைக்குப் போய்வர. கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் வேலை. வடக்கனந்தலில் இருப்பவனுக்கு மலை என்பது வீட்டுக்குப் பின்னால் நிற்கிற விஷயம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டிப் போய், ஏறத் தொடங்கினால் வெள்ளிமலை வரை வளைவுக்கு மேல் வளைவு. கீழே சமதளத்தில் சர்க்கரை ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர்கள். அவை சிந்திவிட்டுப் போகிற தோகையும் சக்கையும். மேலே ஏறினால் மரவள்ளி மூட்டை ஏற்றிய பிக்கப் வண்டிகள், நடுரோட்டை விட்டு இறங்காத பஸ். ஐப்பசி மழையில் மேட்டுச் செம்மண் தார்மேல் வழிந்து வந்து, காய்ந்ததும் பொடியாகி, அடுத்த மழையில் மறுபடி சேறாகும். இந்த ரோட்டில் டயர்தான் வண்டி. மற்றதெல்லாம் அதன்மேல் உட்கார்ந்து வருகிறது.

அந்தப் புல்லட் டயர் மலையில் என்ன செய்தது என்பதைச் சொல்ல வேண்டும். நேர் ரோட்டில் ஒன்றும் தெரியாது. கொண்டை ஊசி வளைவுக்குள் வண்டியைச் சாய்க்கப் போனால் முதலில் வண்டி மறுக்கும். நிமிர்ந்தே நிற்கப் பார்க்கும். கொஞ்சம் அழுத்திச் சாய்த்தால் திடீரென்று ஒரே அடியாக விழும். முன்சக்கரம் ஒரு கோட்டில் போக நினைக்க, பின்சக்கரம் வேறொரு கோட்டில் போக நினைக்கும். முன்பு வேறொரு கரிஸ்மாவில் இரண்டாவது கியரில் ஏறிப் பழகிய வளைவுகளில் இந்த வண்டி திணறியது. முதல் கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. செயின் கவரின் உட்பக்கத்தில் டயர் உரசி உரசி ஒரு பட்டை பளபளவென்று தேய்ந்திருந்தது. டயருக்கு இடம் விட வேண்டும் என்று சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, செயின் அட்ஜஸ்டர் கோட்டின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். இனிமேல் செயின் தொய்ந்தால் இறுக்க வழியில்லை.

கச்சிராயபாளையம் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்த பாய் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சொன்னார்: “வாத்தியாரே, டயரு அகலமா இருந்தா போதுமா? அது உக்கார எடம் வேணாமா?”

அலாய் சக்கரத்தின் ஆரத்தில் அளவை வார்த்தே வைத்திருப்பார்கள். அழுக்கைத் துடைத்தால் தெரிந்தது: 18×2.15. முன்சக்கரத்தில் 18×1.85. அதாவது பின் ரிம்மின் உள் அகலம் 2.15 அங்குலம், சுமார் 55 மில்லிமீட்டர். 100/90 டயருக்கு அது பொருத்தமான அகலம். 110/90 டயர் இரண்டரை அங்குல ரிம்மை எதிர்பார்ப்பது. ஏறவே ஏறாது என்பதில்லை. ஏறும், காற்றும் பிடிக்கும், உருளவும் செய்யும். பெரிய தலையணையைச் சின்ன உறையில் திணித்தது போல இரண்டு பக்கமும் இறுகி, நடு மட்டும் முண்டிக்கொண்டு நிற்கும். என் டயரின் தேய்மானமே அதற்குச் சாட்சி. நடுவில் ஒரு விரல்கடை அளவுக்குப் பட்டன் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. இரண்டு ஓரத்திலும் புது டயரின் ரப்பர் மயிர் கூட உதிராமல் இருந்தது. அகலம் வேண்டும் என்று போட்ட டயர் தரையைத் தொட்டதென்னவோ ஒல்லி டயர் தொடுகிற அளவுக்கும் குறைவாகத்தான்.

பள்ளிக்கூடத்து ஆளிடம் அளக்கிற சாமானுக்குப் பஞ்சமில்லை. கரும்பலகையில் கணக்குப் போடுகிற பெரிய மூலைமட்டங்கள் இரண்டை எடுத்துவந்து டயரின் இரு பக்கமும் செங்குத்தாக நிறுத்தி, நடுவில் ஸ்கேலை வைத்து அளந்தேன். 110 என்று எழுதியிருந்த டயர் 106 காட்டியது. சித்தப்பா பையன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். “நாலு மில்லி எங்கண்ணா போச்சு?” என்றான். ரிம் தின்றுவிட்டது என்றேன்.

உயரக் கணக்கு இன்னும் சுவையானது. 100/90-18 என்றால் டயரின் அகலம் 100 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 90 சதவீதம். உள்ளே இருக்கிற ரிம் 18 அங்குலம், அதாவது 457 மில்லிமீட்டர். மேலே 90, கீழே 90 சேர்த்தால் மொத்த விட்டம் 637. இதே கணக்கில் 110/90-18-இன் விட்டம் 655. வித்தியாசம் 18 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். சக்கரம் ஒரு சுற்றுக்கு உருளும் தூரத்தைப் பார்த்தால், முதலாவது இரண்டு மீட்டர், இரண்டாவது 2.06 மீட்டர். கிட்டத்தட்ட மூன்று சதவீதம். பின் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல்லைக் கழற்றியது போன்ற விளைவு அது. நெடுஞ்சாலையில் சேலம் போகிறவனுக்கு இது லாபமாகக் கூட இருக்கலாம். பின்னால் ஒரு ஆளும் புத்தகக் கட்டும் வைத்துக்கொண்டு மலைமேல் கரியாலூருக்கு ஏறுகிறவனுக்கு நஷ்டம். இரண்டாவது கியர் திணறியதில் ஒரு பங்கு இதற்கும் உண்டு.

சாய்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. அகல டயர் போட்டால் வளைவில் நன்றாகப் பிடிக்கும் என்று பரவலாக நம்புகிறார்கள். வண்டி சாயும்போது டயர் தரையைத் தொடுகிற இடம் நடுக்கோட்டிலிருந்து ஓரத்துக்கு நகர்கிறது. டயர் அகலமாக ஆக அந்த நகர்வும் கூடும். அதனால் அதே வளைவை அதே வேகத்தில் திரும்ப, அகல டயர்க்காரன் ஒல்லி டயர்க்காரனை விடக் கூடுதலாகச் சாய வேண்டும். குதிரைத்திறன் நூறைத் தாண்டுகிற வண்டிக்கு அகலம் அவசியம். அந்தச் சக்தியைத் தரைக்குக் கடத்த வேறு வழியில்லை. 17 குதிரைத்திறனுக்கு அந்த அவசியம் எங்கிருந்து வரும்? ஹோண்டாவின் பொறியாளர்கள் காசு மிச்சம் பிடிக்கத்தான் ஒல்லி டயர் போட்டார்கள் என்று எங்கள் பெஞ்சில் ஒருவர் கடைசிவரை வாதாடினார். மிச்சம் பிடித்திருக்கலாம். ஆனாலும் அந்தச் சட்டகம், அந்த ரிம், அந்த எடைக்குக் கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

ஆகப் பின்னால் என்ன போடுவது என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. 100/90-18. குழப்பம் கிடைப்பதில்தான். பல்சர் முதலில் 18 அங்குலச் சக்கரத்தோடு வந்து, 2000-களின் நடுவில் 17-க்கு இறங்கிவிட்டது. மற்ற கம்பெனிகளும் அதன் பின்னாலேயே போயின. 100/90-17 எந்தக் கடையிலும் அடுக்கி வைத்திருப்பார்கள். 18 கேட்டால் “ஆர்டர் போட்டுத்தான் சார் வரணும்” என்பார்கள். சித்தப்பா பையன் ஒரு பட்டியல் வைத்திருந்தான்: 120/80-18 போடலாம்ணா, அதோட உயரம் கம்மிதானே? கணக்குப் போட்டுக் காட்டினேன், 649. உயரம் புல்லட் டயரை விடக் குறைவு, அகலத்தில் அதை விட மோசம். 110/80-18 என்றால் விட்டம் 633; காகிதத்தில் அழகாக வருகிறது. எங்கள் பக்கக் கடைகளில் அப்படி ஒரு டயர் கண்ணில் பட்டதே இல்லை. “அப்போ பின்னாடி பாக்க ஸ்பிளெண்டர் மாதிரிதான் இருக்கும்” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பின்னால் வருகிறவனுக்காக நான் டயர் போட முடியுமா?

முன் டயர்தான் யோசிக்க வைத்தது. 2.75-18 என்பது அங்குலக் கணக்கில் எழுதுகிற பழைய முறை: அகலம் 2.75 அங்குலம், உயரமும் ஏறக்குறைய அதே. கள்ளக்குறிச்சியில் எந்தக் கடையிலும் கிடைக்கும், ஏனென்றால் ஊரெல்லாம் ஸ்பிளெண்டர். சிக்கலே அதில்தான். அன்றைய ஸ்பிளெண்டருக்கு முன்னும் பின்னும் ஒரே 2.75-18 என்பதால், கடைக்காரர் பின் டயரையே எடுத்து நீட்டுவார். அளவு ஒன்றுதான், வேலை வேறு. முன் டயருக்குத் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுகிற நீளக் கோடுகள் வேண்டும், பிரேக் பிடிக்கும்போது வருகிற இழுப்பைத் தாங்க வேண்டும்; பின் டயர் தாங்குவது இன்ஜினின் தள்ளுதலை. இது தெரியாமல் பின் டயரை முன்னால் மாட்டிக்கொண்டு மழையில் ஓட்டுகிறவர்கள் எங்கள் ஊரில் பாதிப் பேர்.

இந்த இடத்தில் கம்பெனியே ஒரு பதில் வைத்திருந்தது. 2009-இல் வந்த கரிஸ்மா இசட்.எம்.ஆரில் பின் டயரை 100/90-18 என்றே விட்டுவிட்டு, முன் டயரை மட்டும் 80/100-18 ஆக்கியிருந்தார்கள். அதே 18 அங்குலம், அதே குடும்பத்து வண்டி. பக்கச் சுவரில் அளவுக்குப் பின்னால் வருகிற எண்ணையும் எழுத்தையும் பார்த்தால் காரணம் புரியும். பழைய முன் டயரின் 42பி என்றால் அந்த டயர் 150 கிலோ தாங்கும், மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரை தாக்குப்பிடிக்கும். புதிய முன் டயரின் 47பி என்றால் 175 கிலோ. பின் டயரின் 56பி-க்கு 224 கிலோ. முன் டயருக்கு 25 கிலோ கூடுதல் தாங்குதிறன், கொஞ்சம் அகலம், அளவாக உயரம். மலை இறக்கத்தில் எடை முழுக்க முன்சக்கரத்தில் வந்து விழுகிறவனுக்கு இது பொருந்தியது. பழைய வண்டிக்கு டயர் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பக்கத்து வீட்டுப் பையன் என்ன போட்டிருக்கிறான் என்பதை அல்ல, அதே வண்டியின் அடுத்த மாடலுக்குக் கம்பெனி என்ன போட்டது என்பதைத்தான்.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டுமானதும் அல்ல. 1980-களின் தொடக்கத்தில் பந்தய வண்டிகளைப் பார்த்து, முன்சக்கரம் சின்னதாக இருந்தால் வேகமாகத் திரும்பும் என்று ஒரு மோகம் பிடித்தது. 1984-இன் கவாசாகி ஜி.பி.இசட். 900 ஆர் முன்னால் 120/80-16, பின்னால் 130/80-18 டயர்களோடு வந்தது. சில வருடங்களில் உலகமே 17 அங்குலத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. 16 அங்குல முன்சக்கரத்தோடு நின்றுபோன அந்தக் கால வண்டிகளின் சொந்தக்காரர்கள் இன்று நல்ல டயருக்கு அலைகிறார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் 18 அங்குலக் கரிஸ்மாக்காரன் பாடு பரவாயில்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு கடையில் 100/90-18 இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். கடைக்காரர் ஏணி போட்டு ஏறி மேல் அடுக்கிலிருந்து இறக்கினார். காகிதம் சுற்றியிருந்தது, தூசி ஒரு படலம். பக்கச் சுவரில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். அதில் 2309 என்று இருந்தது: 2009-ஆம் வருடத்து 23-ஆவது வாரம். ஆறு வருடம் தகரக் கூரைக்கடியில் வெந்த டயர். நகத்தால் அழுத்திப் பார்த்தேன், இறங்கவில்லை. பட்டன் இடுக்கில் முடி போன்ற வெடிப்புகள். பழையதாயிற்றே என்றேன்.

“டயர் என்னா பாலா சார், கெட்டுப்போறதுக்கு?”

கெட்டுத்தான் போகும். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகிவிட்டால் ஈரத் தாரில் வழுக்கும். வாங்கவில்லை. அவர் நல்ல மனிதர், கோபித்துக்கொள்ளாமல் சேலத்துக்குச் சொல்லி வரவழைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். வந்தது எம்.ஆர்.எஃப். ஜாப்பர். அந்தக் கம்பெனி 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்து தொடங்கியது. புல்லட்டும் அதே திருவொற்றியூரில்தான் 1956-இல் உருவாகத் தொடங்கியது. என் பின் சக்கரத்தில் நடந்த சண்டை முழுக்கத் திருவொற்றியூர்க்காரர்களுக்குள் நடந்தது என்று பிறகு சொல்லிச் சிரித்துக்கொண்டோம்.

டியூப் வாங்கும்போது இன்னொரு பேச்சு வந்தது. 80/100-18 டியூப்லெஸ் டயராக வந்திருந்தது. “டியூபே வேணாம் சார், அப்படியே மாட்டிடலாம்” என்றார் கடைப் பையன். டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போட்டு ஓட்டலாம். டியூப் இல்லாமல் ஓட்ட வேண்டுமானால் ரிம் அதற்கென்று வார்த்ததாக இருக்க வேண்டும். காற்று இறங்கினாலும் டயரின் விளிம்பு உள்ளே நழுவாமல் தடுக்கிற மேடு ரிம்மின் உட்பக்கத்தில் இருக்கும். பழைய கரிஸ்மா டியூப் போட்டு வந்த வண்டி. முள்ளுக்காடு சூழ்ந்த ஊரில் டியூப்லெஸ் ஆசை யாருக்கும் வரும்தான். வளைவில் விளிம்பு விட்டுப்போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தால் அந்த ஆசை போய்விடும். புது டியூப் இரண்டு வாங்கினேன்.

டியூப் என்றதும் எங்கள் மலையின் இன்னொரு கதை ஞாபகம் வராமல் இராது. கல்வராயன் மலைச் சாராயம் கீழே இறங்கியது பெரும்பாலும் லாரி டியூப்களில். பிடிபட்ட டியூப்களை வரிசையாகப் போட்டுப் போலீசார் நிற்கிற படம் பேப்பரில் அடிக்கடி வரும். அதனால் எங்கள் பக்கத்தில் பழைய டியூப் வாங்குகிறவனை ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். பாயின் கடையில் கழித்துப் போட்ட லாரி டியூப்களைக் கேட்டு யாராவது வந்தால், அவர் கையாலேயே கத்தரியால் வெட்டி, “மரத்துல ஊஞ்ச கட்டறதுக்குத்தானே? இந்தா” என்று நாடாவாகக் கொடுப்பார்.

டயர் மாட்டியது அவர்தான். புல்லட் டயரைக் கழற்றுவதற்கே அரைப்பொழுது போனது. குறுகின ரிம்மில் இறுகிப்போன விளிம்பு அசையவே இல்லை; டயரைத் தரையில் போட்டு, சென்டர் ஸ்டாண்டு முனையை அதன்மேல் இறக்கி அழுத்தி விளிம்பை விடுவித்தார். லிவர் போடும் இடத்திலெல்லாம் ரிம்மில் சாக்குத் துண்டு வைத்துக்கொண்டார், அலாய் கீறக் கூடாதென்று. புது டயரின் பக்கவாட்டில் இருக்கிற அம்புக்குறியை என்னிடம் காட்டி, சக்கரம் சுழலும் திசையைக் கையால் வரைந்து காட்டிய பிறகே ஏற்றினார். டியூபில் லேசாகக் காற்று, அதன்மேல் பவுடர், விளிம்பில் சோப்புத் தண்ணீர். டயரில் இருந்த மஞ்சள் புள்ளியை வால்வுக்கு நேராக வைத்தார். கடைசியாகக் காற்றை ஏற்ற ஏற்ற, இரண்டு பக்க விளிம்பும் “டப், டப்” என்று ரிம்மில் போய் உட்கார்ந்தன. பிறகு சக்கரத்தை மெதுவாகச் சுற்றவிட்டு, விளிம்பை ஒட்டி ஓடுகிற மெல்லிய கோடு எங்கும் ஏறி இறங்காமல் இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

“நூறு கிலோமீட்டருக்குச் சாய்க்காம ஓட்டு வாத்தியாரே. புது டயரு மேல வழவழப்பு இருக்கும்.”

செயின் அட்ஜஸ்டர் பழைய இடத்துக்கு வந்தது. அதற்காகக் கழற்றிய செயின் கண்ணி இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது. செயின் கவர் உரசல் நின்றது. மலையில் ஏறியபோது வண்டி தானாகச் சாய்ந்தது. வளைவுக்குள் போகும்போது முன்னும் பின்னும் ஒரே கோட்டில் போயின. கரியாலூருக்கு முன்னால் இருக்கிற ஏற்றத்தில் இரண்டாவது கியர் இழுத்தது. அந்தக் கார்த்திகை மழையில் பெரியார் நீர்வீழ்ச்சிப் பக்கம் ரோட்டில் தண்ணீர் குறுக்கே ஓடியபோதும் முன் டயர் பிடித்துக்கொண்டது. பின்னால் டபுள்ஸ் வந்த சித்தப்பா பையன் அதன் பிறகு அகலத்தைப் பற்றிப் பேசவில்லை. அவன் சொந்தமாக வண்டி வாங்கியபோது பின்னால் 140 டயர் போட்டது என்பது வேறு விஷயம். அந்த வண்டிக்குக் கம்பெனி போட்டதே 140-தான், ரிம்மும் அதற்கேற்ற அகலம். 2023-இல் திரும்பி வந்த கரிஸ்மா எக்ஸ்.எம்.ஆரும் பின்னால் 140/70-17-தான் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. 25 குதிரைத்திறனுக்கு மேல், 17 அங்குல அகல ரிம். அதற்கு அது நியாயம்.

பழைய கரிஸ்மா இன்னும் எங்கள் பக்கத்தில் நிறைய ஓடுகிறது. வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: முன்னால் 80/100-18, கிடைக்காவிட்டால் முன் சக்கரத்துக்கென்றே வருகிற 2.75-18, பின்னால் 100/90-18, டியூப் போட்டு. இன்னும் அகலமாக வேண்டும் என்றால் முதலில் ரிம்மை மாற்றுங்கள், ரிம்மை மாற்றக் காசில்லையென்றால் டயரையும் மாற்றாதீர்கள். காசைக் கொடுப்பதற்கு முன்னால் அந்த நான்கு இலக்கத்தைப் படித்துவிடுங்கள்.